பிள்ளைகளின் கதைக்கும் படத்துக்கும் கீழே என்ன எழுதித் தருவது?

காசிமேடு அக்கா

வணக்கம். ஆர்பருக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆறாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். வருஷம் முழுக்கக் கணக்கும் அறிவியலும்தான். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்பாக்கள் வலை பார்ப்பார்கள், போட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். பிள்ளைகளுக்குத்தான் பொழுது போகாது. அந்தச் சமயத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடலாம் என்று சொல்லிவைத்தோம். பத்துப் பக்கம் தேறினாலே பெரிய விஷயம் என்றுதான் நினைத்தோம். கதை, கவிதை, பென்சில் படம், ஸ்கெட்ச் படம், ஒரு கானா என்று ஒரு ஃபைலே நிறைந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் பெரியவர் யாராவது இரண்டு வரி எழுதித் திருப்பித் தர வேண்டும் என்று முடிவு. அங்கேதான் சண்டை. எங்களில் ஒரு கட்சி, எல்லாவற்றுக்கும் ‘சூப்பர் செல்லம்’ என்று எழுதி ஸ்டார் ஒட்டிவிடலாம், பாவம் குழந்தைகள் என்கிறது. இன்னொரு கட்சி, தப்பைத் தப்பென்று சொல்லாவிட்டால் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள் என்கிறது. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை, ஆனால் மூன்றாவது வழி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஏழாவது படிக்கும் பையனின் கதை இது. மொத்தமே இவ்வளவுதான். அவனையும் அவன் அம்மாவையும் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன்.

‘போட்டு கரைல கீது. நைனா ஊட்ல கீறாரு. காத்தால எந்திச்சி ஆர்பருக்குப் போயி போட்டப் பாத்துகினு வராரு. போட்டு எங்கயும் போவாதுன்னு அம்மா சொல்லுது. அப்பவும் தெனம் போறாரு.’

நீங்களாக இருந்தால் இதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள்?

மணலி எக்ஸ்பிரஸ்

சூப்பர்னுதான் எழுதுவேன். சூப்பராதானே இருக்கு!

ஒற்றுப்பிழை

பாரிமுனைப் பக்கம் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன் நான். அதனால் நான் எந்தக் கட்சி என்று உங்களுக்கே தெரியும். பையனுக்குத் திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கீது, கீறாரு, எந்திச்சி எல்லாம் அப்படியே பத்திரிகையில் போனால், நாளைக்குத் தேர்வுத்தாளிலும் அப்படியே எழுதுவான். அங்கே மார்க் போடுகிறவர் ‘வட்டார வழக்கு, அழகு’ என்று ரசித்துக்கொண்டிருக்க மாட்டார். ர, ற தகராறும் ல, ள, ழ தகராறும் ஏழாவதிலேயே தீராவிட்டால் கல்லூரி வரைக்கும் கூடவே வரும். என் மேசைக்கு வருகிற பிரதிகளில் தினமும் பார்க்கிறேன். ஊக்கம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் பிழையை மறைத்துவைப்பது அந்தப் பையனுக்குச் செய்கிற உபகாரம் இல்லை.

குடம் வரிசை

ஒற்றுப்பிழை சார், அந்தக் கதையில் எனக்கு ஒரு ர, ற பிழைகூடக் கண்ணில் படவில்லை. ‘கீறாரு’வுக்குச் சரியான றகரம்தான் போட்டிருக்கிறான் 🙂

நான் வியாசர்பாடி. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒன்பதாவது படிக்கும்போது தண்ணி லாரி வருகிற காலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். லாரி வருவதற்கு முன்னாலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நிற்கும். பச்சைக் குடம் யாருடையது, விளிம்பு நசுங்கின ஆரஞ்சு குடம் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். அதைத்தான் எழுதியிருந்தேன். வகுப்பில் ‘நன்று’ என்று கையெழுத்து விழுந்தது. ‘நன்று’ வந்தால் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டியதுதான், வேறென்ன செய்ய முடியும்?

எங்கள் தெருவில் படிப்பகம் நடத்திய அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘நசுங்கின ஆரஞ்சு குடத்தை யாரோ வரிசையில பின்னாடி தள்ளி வச்சாங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்ட. யாரு தள்ளி வச்சது? அப்புறம் என்ன ஆச்சு?’ அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே மூன்று பக்கம் எழுதினேன். பாராட்டென்று ஒரு வார்த்தை அதில் இல்லை. ஆனால் அந்த வரியைக் கவனித்திருக்கிறார், அதற்கு மேலே தெரிந்துகொள்ளவும் ஆசைப்படுகிறார். அது போதுமாக இருந்தது.

பிறகு வேறு பகுதியிலிருந்து வந்த ஒருவர் அதே கட்டுரையைப் படித்துவிட்டு, ‘உங்க ஏரியாவிலிருந்து இப்படி எழுத்தா, நம்பவே முடியல’ என்றார். சிரித்த முகத்தோடு, முழு மனசோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டு என்னை மட்டும் தூக்கி நிறுத்துகிற பாராட்டு எனக்கு எதற்கு? வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப நடக்கிறது. கத்தி, ரவுடி, கஞ்சா என்று சினிமாவில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், நாங்கள் ஒரு வாக்கியம் ஒழுங்காக எழுதினாலே கண் கலங்குகிறார்கள். அக்கா, கருத்து எழுத வெளியாட்கள் யாரையாவது கூப்பிட்டால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படைப்பைப் பற்றி எழுதட்டும், பின்கோடைப் பற்றி வேண்டாம்.

அந்தப் பையனுக்கு நான் எழுதுவது: ‘போட்டு எங்கயும் போவாதுன்னு தெரிஞ்சும் தெனம் போறாருன்னு எழுதின இடத்துல நின்னுட்டேன். அங்க போயி நின்னு என்ன பார்ப்பாரு? ஒருநாள் நீயும் கூடப் போயிட்டு வந்து சொல்லேன்.’

மணலி எக்ஸ்பிரஸ்

சரிங்க, என் சூப்பரை வாபஸ் வாங்கிக்கிறேன்.

டிராயிங் மாஸ்டர்

தண்டையார்பேட்டைப் பக்கம் பல வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளை படத்தை நீட்டினால் நம் வாயில் முதலில் வருவது ‘இது என்ன?’ என்பதுதான். அதைக் கேட்டதுமே படம் தோற்றுப்போய்விட்டது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? ‘இதைப் பத்திச் சொல்லு’ என்று கேளுங்கள். இரண்டாவது தவறு, நாமே ‘ஓ, வீடா!’ என்று சொல்லிவிடுவது. அது கோயிலாக இருக்கும்.

1947-இல் விக்டர் லோவன்ஃபெல்டு என்பவர், பிள்ளைகள் வரைவது வயதோடு எப்படி மாறுகிறது என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினார். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை தரைக்கு ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவார்கள். முக்கியமானவர் பெரியவராக இருப்பார். உள்ளே இருப்பதும் வெளியே தெரியும். உங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளிடம் ஒரு போட்டை வரையச் சொல்லுங்கள், பலகையைத் தாண்டி உள்ளே ஐஸ் பெட்டியும் மீனும் தெரிகிற மாதிரி வரைவார்கள். அது பிழை இல்லை. அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதை வரைய மாட்டார்கள், தெரிந்துவைத்திருப்பதை வரைவார்கள். ‘மீன் வெளியே தெரியக் கூடாதுப்பா’ என்று திருத்தினால் அந்தப் பிள்ளைக்குப் போட்டைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதையே அழித்துவிடுகிறீர்கள். ‘ஐஸ் பெட்டி எந்தப் பக்கம் இருக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த படத்தில் இன்ஜினும் வந்துவிடும்.

பத்து, பன்னிரண்டு வயதில் கதை மாறுகிறது. தான் வரைந்தது நிஜம் மாதிரி இல்லை என்று அவர்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். பாதிப் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் ‘சூப்பர்’ என்றால் நம்ப மாட்டார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே வேலை சொல்லித்தர வேண்டும். கேட்டால் மட்டும்! ‘கை சரியா வரலை சார்’ என்று ஒரு பையன் வந்தால், அவன் கையையே மேசைமேல் வைக்கச் சொல்லி, விரல்களை விட்டுவிட்டு விரல்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் வரையச் சொல்வேன். வந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பிள்ளையின் படத்தின் மேல் உங்கள் பென்சில் படவே கூடாது. காட்டித்தர வேண்டுமென்றால் வேறு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

பி.எட். பெஞ்ச்

காசிமேடு அக்கா, உங்கள் ‘இரண்டு வரி’க்கு அப்படியே பொருந்துகிற ஆய்வு ஒன்று இருக்கிறது. 2014-இல் நெதர்லாந்தில் எடி பிரம்மல்மான் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்தது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வான்கோவின் ரோஜா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு ஓர் ஓவியர் எழுதியது என்று சொல்லிக் கையால் எழுதிய குறிப்பு ஒன்றைத் தந்தார்கள். சிலருக்கு ‘அழகான படம்’ என்று இருந்தது. சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்’ என்று இருந்தது. சிலருக்குப் பாராட்டே இல்லை. அடுத்து வரையக் கஷ்டமானது வேண்டுமா சுலபமானது வேண்டுமா என்று அவர்களையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். தன்மேல் நம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகள், அந்த ஊதிப் பெருக்கின பாராட்டுக்குப் பிறகு கஷ்டமானதைத் தவிர்த்தார்கள். அந்த அளவை மறுபடியும் தொட முடியாதோ என்ற பயமாக இருக்கலாம். நம்பிக்கை நிறைய இருந்த பிள்ளைகள் நேர்மாறு, கஷ்டமானதைத் தேடிப் போனார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்கள் இப்படி ஊதிப் பாராட்டுவது நம்பிக்கை குறைவான பிள்ளைகளைத்தான் அதிகம். பாவம் என்று நினைத்துத்தான் செய்கிறோம்.

ஸ்டாருக்கும் மார்க்குக்கும் இன்னொன்று. ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. ஒரு கூட்டத்துக்கு மார்க் மட்டும், ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு மட்டும், ஒரு கூட்டத்துக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கினவர்கள் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் வாங்கினவர்களுக்குக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகாது, நம் அனுபவமும் அதுதானே. ஸ்டிக்கர் ஒட்டினால் உங்கள் இரண்டு வரியை யாரும் படிக்க மாட்டார்கள், அக்கா.

ஒற்றுப்பிழை

ஆய்வெல்லாம் சரி. என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. பிழையை என்ன செய்வது? நெதர்லாந்தில் சந்திப்பிழை கிடையாது.

பி.எட். பெஞ்ச்

ஹா ஹா. திருத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சார். எப்போது என்பதுதான் கேள்வி. முதல் தடவை படிக்கும்போது கதையைப் பற்றிப் பேசலாம். பத்திரிகைக்குச் சுத்தப் பிரதி எழுதும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிழையைப் பார்க்கலாம். அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வகைதான், இன்றைக்கு ல, ள, ழ என்றால் அது மட்டும். பக்கம் முழுக்கச் சுழித்துத் தந்தால் கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது ‘நமக்குத் தமிழ் வராது’ என்பது மட்டுமே.

கீது, கீறாரு விஷயத்தில் முடிவு அந்தப் பையனுடையது. அவன் வீட்டில் பேசுகிற தமிழ் அது. பேச்சில் வரும் இடத்தையும் சொல்கிறவன் நடையையும் அவனே பிரித்துப் பார்க்கட்டும். தேர்வுத்தாளுக்கு வேறு நடை வேண்டும் என்பது ஏழாவது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். நாம்தான் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

தாளக்கட்டு

கானா வந்திருக்கிறது என்று அக்கா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், யாருமே கேட்கவில்லை. என்ன கானா, அக்கா?

காசிமேடு அக்கா

பத்தாவது பையன். போன வருஷம் கடலில் குளிக்கப் போய் இறந்துபோன சிநேகிதனைப் பற்றி எழுதியிருக்கிறான். எங்களில் ஒருவர், சாவைப் பற்றிப் பிள்ளைகள் பத்திரிகையில் எதற்கு, மரம் நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பு மாதிரி எதையாவது எழுதச் சொல்லலாம் என்றார். பையன் ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். பிறகு நான் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.

தாளக்கட்டு

நான் புளியந்தோப்பு. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடிக் கேட்டு வளர்ந்தவன். செத்தவரைப் பற்றிப் பாடுவது கானாவுக்குப் புதுசு இல்லை, அது பிறந்து வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பையன் தன் சிநேகிதனுக்கு எப்படி மரியாதை செய்வது என்று நம்மைவிடத் தெரிந்தவன். அவனிடம் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பாடச் சொன்னால் என்ன அர்த்தம்?

கானாவுக்குக் கருத்தை எழுதித் தராதீர்கள். அது காதுக்கு. பாடச் சொல்லுங்கள். மேசையைத் தட்டிக்கொண்டே பாடுவான். எந்த வரியில் நாக்கு இடறுகிறதோ, எங்கே ஒரு சொல் கூடிப்போய்த் தாளத்துக்குள் அடங்காமல் முட்டுகிறதோ, அவன் முகத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் சொல்லவே வேண்டாம். ‘அந்த வரி இன்னொரு தபா’ என்று கேட்டால் போதும், இரண்டாவது தடவையில் அவனே மாற்றிவிடுவான். எதுகை எங்கே விழுந்தது என்று சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவான். எதுகை, மோனை எல்லாம் அவன் தமிழ்ப் புத்தகத்தில் இருப்பதுதான். தான் பாடுவதிலும் அதே சங்கதி இருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா, சந்தேகம்.

பாடும்போது குரல் உடைந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள். பாடி முடித்ததும் கைதட்டவும் வேண்டாம். அவன் சிநேகிதன் பேரைச் சொல்லி, அவனைப் பற்றி ஒன்று கேளுங்கள்.

குடம் வரிசை

👆 இது.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். துக்கத்தை எழுதுவது வேறு. தன்னை யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், இருக்கவே பிடிக்கவில்லை என்று கதைக்குள் வந்தால் அதற்குக் கீழே கருத்து எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தனியாக, நிதானமாகப் பேச வேண்டும். நிஜம் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசிவிடுங்கள். அதைப் பத்திரிகையில் போடுவதா என்பதெல்லாம் அப்புறம்.

முகத்துவாரம்

எண்ணூர்க்காரன். ஓவியத்துக்கு நீதிபதியாக வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எங்கள் கழிமுகம் முழுக்கப் படிந்தது ஞாபகம் இருக்கும். வலை, போட்டு, அலையாத்திச் செடி எல்லாம் பிசுபிசு. கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தன. என் அக்கா மகள் அப்போது ஐந்தாவது. அடுத்த மாதம் ஓர் ஓவியப் போட்டிக்கு ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பு. தாளின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கிரேயான். அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாளே பளபளவென்று ஆகிவிட்டது. அதன்மேல் ஒரு கூழைக்கடா, இறக்கை விரியாமல். மேலே வானம் மட்டும் சரியான நீலம்.

நீதிபதி குனிந்து பார்த்துவிட்டு ரொம்ப அன்பாகச் சொன்னார்: ‘ஆறு நீலமா இருக்கணும்மா, அடுத்த தடவை நீலம் அடி.’ பரிசு, சூரியனும் தென்னை மரமும் இரண்டு மலையும் போட்ட படத்துக்குப் போனது. எண்ணூரில் எங்கே இருக்கிறது மலை? நிலக்கரிச் சாம்பலைக் குவித்துவைத்திருப்பதைச் சொன்னாலும் சொல்வார்கள்.

பரிசு போனால் போகட்டும். அந்தக் கறுப்பு எதற்கு என்று ஒருத்தர் கேட்டிருக்கலாம். எண்ணெயின் பளபளப்பு வர வேண்டும் என்றுதான் அத்தனை தடவை தேய்த்தாள் என்று வீட்டுக்கு வந்த பிறகு எங்களிடம் சொன்னாள். அது எவ்வளவு பெரிய யோசனை! கேட்டால்தானே சொல்வாள்.

டிராயிங் மாஸ்டர்

முகத்துவாரம் தம்பி, இந்த இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை படத்தை நான் ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. பரிசு கொடுத்துக் கொடுத்து நாம்தான் அதை வளர்த்தோம். உங்கள் அக்கா மகளின் படம் பத்திரமாக இருக்கிறதா? கிரேயான் பளபளப்பு வெயில் பட்டால் மங்கும், மேலே வைக்கிற தாளில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பட்டர் பேப்பர் போட்டு, தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

புளியந்தோப்பு அம்மா

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நடுவில் கேட்கிறேன். என் பொண்ணு பத்தாவது. நடிகர் படத்தை போனில் வைத்து, கட்டம் போட்டு, அப்படியே வரைகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் போட்டோ மாதிரியே இருக்கு என்கிறார்கள். அவள் அப்பா, படிக்கிற நேரத்தில் இதெல்லாம் என்னத்துக்கு என்கிறார். நான் என்ன சொன்னால் சரி? நல்லா இருக்கு என்றால் படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் முகம் வாடிப்போகிறது.

டிராயிங் மாஸ்டர்

அம்மா, நல்ல கேள்வி. பார்த்து வரைவதை மட்டமாக நினைக்காதீர்கள். கட்டம் போட்டு வரைகிற கை, அளவு பார்க்கத் தெரிந்த கை. நம் வடசென்னையில் சுவர் விளம்பரமும் பேனரும் எழுதின ஆட்கள் எல்லாம் கட்டம் போட்டுத்தான் சின்னப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போச்சு, அது வேறு கதை.

‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம். அது போட்டோவுக்குச் சொல்கிற பாராட்டு. பக்கத்தில் உட்கார்ந்து, ‘எந்த இடத்துக்கு ரொம்ப நேரம் ஆச்சு?’ என்று கேளுங்கள். மூக்கின் ஓரம், உதட்டுக்குக் கீழே நிழல் என்று எதையாவது காட்டுவாள். அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள், அவ்வளவுதான். உங்களுக்கு ஓவியம் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

அப்புறம் ஒருநாள் நீங்கள் மீன் ஆயும்போது, ‘என்னை வரையேன், ஆய்ந்து முடிக்கிறதுக்குள்ள’ என்று சொல்லுங்கள். ஆள் அசைந்துகொண்டே இருக்கும்போது கட்டம் போட முடியாது, கண்ணால்தான் அளக்க வேண்டும். முதலில் கோணலாக வரும். சிரிக்காதீர்கள், தாளையும் கிழித்துப்போட விடாதீர்கள். தேதி போட்டு வைத்துவிடச் சொல்லுங்கள். அடுத்ததோடு சேர்த்துப் பார்க்கும்போது அவளுக்கே தெரியும்.

படிப்பைப் பற்றி: எழும்பூர்ப் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் தொடங்கிவைத்தது. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிதான் அங்கே முதல் இந்திய முதல்வர். பிளஸ் டூ முடித்துவிட்டுத்தான் அங்கே சேர முடியும். அதனால் பத்தாவதை விடுகிற பேச்சே இல்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். சேருவதற்கு வரைந்து காட்டுகிற தேர்வு உண்டு. பள்ளியில் இருக்கும்போதே அரசு நடத்துகிற டிராயிங் லோயர் கிரேடு எழுதிவைத்துக்கொள்வதும் நல்லது.

புளியந்தோப்பு அம்மா

ரொம்ப நன்றிங்க சார். அவங்க அப்பாகிட்ட ராத்திரி படிச்சுக் காட்டுறேன்.

மணலி எக்ஸ்பிரஸ்

ஒரு சந்தேகம். இப்போது பிள்ளைகள் ஏஐ-யில் தட்டிக் கதை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்களே, அதற்கும் இப்படிப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டுமா?

குடம் வரிசை

அதற்குக் கீழே ‘நசுங்கின ஆரஞ்சு குடம் யாருடையது’ என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எழுதினவளாக இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் அசடு வழிவாள். திட்டவே வேண்டாம். உன் தெருவில் பார்த்த ஒன்றை ஐந்து வரி எழுது என்று தாளைக் கொடுத்துவிடலாம்.

காசிமேடு அக்கா

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் ஆட்களை உட்காரவைத்து இந்த இழையை வாய்விட்டே படித்தேன். ஸ்டிக்கர் கட்சிக்குக் கொஞ்சம் வருத்தம், வாங்கின ஸ்டிக்கர் பாக்கெட்டை என்ன செய்வது என்று கேட்டார்கள். அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

போட்டுக் கதைக்குக் குடம் வரிசை சொன்னதைத்தான் எழுதினோம். பையன் படித்துவிட்டு, ‘நைனா அங்க போயி கயிறு முடிச்சைப் பார்ப்பாரு, அலை அடிச்சா லூசாயிடும்’ என்றான். அதையும் எழுதேன் என்றேன். யோசிக்கிறேன் என்று போயிருக்கிறான்.

கானாப் பையன் பாடினான். தாளக்கட்டு சொன்னபடியே மூன்றாவது சரணத்தில் ஓரிடத்தில் இடறினான், இன்னொரு தபா என்றோம், ஒரு சொல்லைத் தூக்கிவிட்டான். பத்திரிகையில் போடலாமா என்று கேட்டதற்கு, சிநேகிதனின் அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளே ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் கருத்துச் சொல்லட்டும் என்று விட்டால், ‘மொக்கை’ என்று ஒரு சத்தம், ஒரே சிரிப்பு. அதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பி.எட். பெஞ்ச்

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக்காரர் 1990 வாக்கில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் கேட்டவர்கள் மனசில் நின்றது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு எழுதினவர் கேள்வி கேட்பார்: ‘முடிவு புரிஞ்சுதா?’ இந்த மாதிரி. அடுத்து கேட்டவர்கள் கேட்கலாம், ஆனால் குத்தல் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது குத்தல். ‘பாட்டி எதுக்கு ரெண்டு தடவை வர்றாங்க?’ என்பது கேள்வி. கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: ‘முடிவைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டா?’ எழுதினவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த ‘வேண்டாம்’ நிஜமாகவே செல்லுபடியாக வேண்டும், அங்கேதான் பெரியவர்கள் சொதப்புவோம்.

முதல் நாள் பிள்ளைகள் எழுதியதை எடுக்காதீர்கள். நீங்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டுபோய்ப் படியுங்கள், உங்களை வைத்துப் பழகட்டும்.

ஒற்றுப்பிழை

சுத்தப் பிரதி எழுதுகிற அன்றைக்கு நான் வரலாமா, அக்கா? ஞாயிறு எனக்கு வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழைதான் என்ற நிபந்தனை எனக்குச் சிரமம், ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம் மட்டும் ஒரு தனி நாள் வேண்டும். அது பேரம் கிடையாது. கீது, கீறாருவைத் தொட மாட்டேன், ஆனால் அந்தப் பையனிடம் ஏன் அப்படி வைத்திருக்கிறான் என்று கேட்பேன். அவன் சொல்கிற காரணம் எனக்குத் திருப்தியாக இல்லாவிட்டாலும் அப்படியே போகட்டும்.

அப்புறம், கையெழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் எடுக்கப்போகிறீர்கள் என்றால் நீல மை வேண்டாம், கறுப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடட்டும், பின் அடிக்கும்போது எழுத்து உள்ளே போய்விடும்.

காசிமேடு அக்கா

தாராளமா வாங்க சார். ஞாயிறு காலை பத்து மணி. ஏலம் முடிந்து அம்மாக்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளை அனுப்புவார்கள், அதனால் பத்தரைக்குத்தான் ஆரம்பிக்கும். ஒற்றுக்குத் தனி நாள் பற்றிப் பிள்ளைகளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்!